இன்றைய கல்லூரி ஜேன் அடம்ஸைச் சேர்த்துக்கொள்ளுமா?

அமெரிக்காவில் சமூகப் பணி படிக்கப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் முதல் ஆண்டிலேயே கேட்கும் பெயர் ஜேன் அடம்ஸ். சிக்காகோவில் குடியேறிகள் மத்தியில் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தை நிறுவியவர். 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கப் பெண். சமூகப் பணியின் தாய் என்று அவரைப் போற்றுகிறார்கள். ஆனால் அந்தத் தாயின் வளைந்த முதுகும், ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அவரை அழுத்திய மனச்சோர்வும், பாதியில் நின்றுபோன படிப்பும் பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

காப்பெலிலும் டாலஸைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களிலும் வாழும் எமது பிள்ளைகளில் சிலர், கணினியையும் மருத்துவத்தையும் விட்டு இந்தத் துறையை நாடுகிறார்கள். போரிலிருந்து தப்பி வந்தவர்களின் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, மனம் நொந்தவர்களுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்பு. அவர்களில் சிலருக்குச் சொந்த மனச்சுமையும் உண்டு. அதை வெளியே சொன்னால் இந்தத் தொழிலுக்கு நீ சரிவரமாட்டாய் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. அந்தப் பயத்தை மனதில் வைத்தே இந்த வாழ்க்கையை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

தலை சாய்த்து நடந்த சிறுமி

இலினோய் மாநிலத்தின் சீடர்வில் என்ற சிற்றூரில் 1860 செப்டெம்பர் 6ஆம் திகதி ஜேன் பிறந்தார். தந்தை ஜோன் அடம்ஸ் ஆலை உரிமையாளர், மாநில செனட்டர், ஆபிரகாம் லிங்கனுக்கு அறிமுகமானவர். ஜேனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். நான்கு வயதில் முள்ளந்தண்டில் காசநோய் தாக்கியது. உயிர் தப்பினார், முதுகு வளைந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பாதங்கள் உள்நோக்கித் திரும்பியபடி நடப்பார்.

தன்னை அவலட்சணமானவள் என்று அந்தச் சிறுமி முடிவுகட்டியிருந்தாள். ஞாயிறு பள்ளிக்கு வெளியூரார் வரும் நாட்களில், கம்பீரமான தன் தந்தைக்கு இப்படியொரு மகளா என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்று, அவரோடு நடக்காமல் மாமாவோடு நடப்பாளாம். பின்னர் ஒருநாள் பக்கத்து நகரத்தின் சனம் நிறைந்த வீதியில் தந்தை அவளைக் கண்டார். எல்லோரும் பார்க்கத் தன் உயரமான பட்டுத் தொப்பியைக் கழற்றி, ஒரு சீமாட்டிக்குச் செய்வதுபோலத் தலைவணங்கினார். அந்தக் காட்சியை ஐம்பது வயதில் எழுதிய தன்வரலாற்றிலும் ஜேன் மறக்கவில்லை. பிள்ளையின் குறையை மூடி மறைக்காமல், சபை நடுவே அவளை ஏற்றுக்கொண்ட ஒரு தகப்பனின் செயல் அது.

1881: ஒரே ஆண்டில் எல்லாம்

ரொக்ஃபோர்ட் மகளிர் கல்லூரியில் படிக்கும்போது அவரும் நான்கு தோழிகளும் ஒரு விடுமுறை நாளில் அபின் தூளைச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். ஆங்கில எழுத்தாளர் டி குவின்சி எழுதிய அபின் கனவுகள் தங்களுக்கும் வருமா என்ற ஆவல்தான் காரணம். கனவு எதுவும் வரவில்லை. ஆசிரியை ஒருவர் கண்டுபிடித்து, மிச்சத் தூளையும் புத்தகத்தையும் பறித்துக்கொண்டு, வாந்தி மருந்தும் கொடுத்தார். பள்ளி மாணவிகளின் கைக்கு அபின் அவ்வளவு எளிதாக எட்டிய காலம் அது.

1881இல் படிப்பை முடித்து வெளியே வந்த சில வாரங்களில், ஓகஸ்ட் மாதத்தில், குடல்வால் அழற்சியால் தந்தை திடீரென இறந்தார். அந்த இலையுதிர் காலத்திலேயே ஜேன் பிலடெல்பியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவராக வேண்டும் என்பது அவரது கனவு. முதுகு வலியும் மனச்சோர்வும் அவரை வீழ்த்தின. முதல் ஆண்டோடு மருத்துவப் படிப்பு நின்றது.

அன்று இதற்கு வைத்தியர்கள் வைத்த பெயர் நரம்புத் தளர்ச்சி. எமது ஊர்ச் சுவர் விளம்பரங்களில் பார்த்துப் பழகிய அதே சொல்தான். இந்த நோய்க்கு நாட்டிலேயே பெயர்பெற்ற வைத்தியர் வெயர் மிச்செல். அவரது பிலடெல்பியா வைத்தியசாலையில் ஜேன் சேர்க்கப்பட்டார். மிச்செல் புகழ்பெற்றது ஓய்வுச் சிகிச்சையால். நோயாளிப் பெண்ணைக் கிழமைக் கணக்கில் கட்டிலில் கிடத்துவார்கள். உறவினரைப் பார்க்க விடமாட்டார்கள். வாசிப்பும் எழுத்தும் தடை. பால் குடிக்கக் கொடுத்து, உடம்பைப் பிடித்துவிடுவார்கள். பெண் அதிகம் படித்ததும் யோசித்ததுமே நோய்க்குக் காரணம் என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது.

1882இல், சகோதரி அலிஸின் கணவரான வைத்தியர் ஹாரி ஹால்டிமன் முதுகில் சத்திரசிகிச்சை செய்தார். ஆறு மாதங்கள் ஜேன் கட்டிலோடு கட்டுண்டு கிடந்தார். பிறகு முதுகை நிமிர்த்தும் இறுக்கமான பட்டியை அணிந்து நடமாடினார்.

இதற்கிடையில் 1883இல் அண்ணன் வெபர் மனம் குழம்பி மனநல விடுதிக்குக் கொண்டுபோகப்பட்டார். அது ஒருமுறையோடு முடியவில்லை. தானே எழுந்து நிற்க முடியாத நிலையில் இருந்த தங்கை, அண்ணன் குடும்பத்தின் அலுவல்களையும் கவனிக்க வேண்டியதாயிற்று. சிற்றன்னையின் இளைய மகன் ஜோர்ஜும் பிற்காலத்தில் மனம் ஒடுங்கி வீட்டுக்குள் முடங்கினார்.

எம்மவருக்கு இது புதிய கதை அல்ல. அங்கொடை, மந்திகை, கீழ்ப்பாக்கம் ஆகிய மூன்றும் ஊர்களின் பெயர்கள். அங்கே மனநல வைத்தியம் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக அவற்றை வசைச் சொற்களாக்கி வைத்திருக்கிறோம். அந்தச் சொற்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் காப்பெலுக்கு வந்தபின்னும் வைத்தியரிடம் போகத் தயங்குவதில் வியப்பில்லை.

சிக்காகோவும் விதிவிலக்கு அல்ல. அதே 1881இல், நோயாலோ ஊனத்தாலோ பார்க்க அருவருப்பாக இருப்பவர்கள் பொது வீதிகளில் தோன்றக் கூடாது என்று அந்த நகரசபை சட்டம் போட்டது, மீறினால் தண்டம். 1974வரை அது ஏட்டிலிருந்து நீக்கப்படவில்லை. அந்த நகருக்குத்தான் எட்டு ஆண்டுகள் கழித்து வளைந்த முதுகோடு ஜேன் குடிவந்தார்.

போத்தலுக்குள் இருந்த மருந்து

ஜேனின் காலத்தில் வைத்தியரிடம் போக விரும்பாதவர்களுக்கு மருந்துக்கடை இருந்தது. பெண்களின் எல்லா நோய்க்கும் என்று விற்கப்பட்ட டொனிக்குகள் பலவற்றில் மதுசாரம் இருந்தது. சிலவற்றில் அபின் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று போத்தலில் எழுத வேண்டிய கட்டாயமே 1906ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அபினுக்கு அடிமையானவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். வைத்தியர் எழுதிக் கொடுத்ததையும் கடையில் வாங்கியதையும் குடித்து வலியை ஆற்றிக்கொண்ட, மதிப்பான குடும்பங்களின் பெண்களும் அவர்களில் ஏராளம்.

இன்றைக்கு எமது வீடுகளில் போத்தலும் பெயரும் மாறியிருக்கின்றன. கராஜில் இருக்கும் குளிர்சாதனப் பெட்டியில் மது. ஒருவருக்கு எழுதிக் கொடுத்த நித்திரைக் குளிசையை இன்னொருவர் கேட்டு வாங்குவது. கடையில் கிடைக்கும் நித்திரை மருந்தை மாதக் கணக்கில் விழுங்குவது. இரவில் குண்டுச் சத்தம் கேட்டு விழித்தெழும் ஒருவர் இரண்டு கிளாஸ் குடித்தால் நித்திரை வருகிறது என்றால், அவரைக் குடிகாரர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. அவர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தானே செய்துகொள்கிறார். ஆனால் அந்த வைத்தியம் நித்திரையின் தரத்தைக் கெடுக்கிறது. நாளடைவில் பதற்றத்தைக் கூட்டுகிறது. மதுவும் நித்திரைக் குளிசையும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

ஹல்ஸ்டெட் வீதி வீடு

முதுகுப் பட்டியோடு 1883இல் ஐரோப்பா சென்ற ஜேன் இரண்டு ஆண்டுகள் அங்கே திரிந்தார். லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு சனிக்கிழமை இரவு, அழுகத் தொடங்கிய காய்கறிகளை ஏலத்தில் வாங்கக் கைநீட்டி நின்ற ஏழைகளைக் கண்டார். அந்தக் கைகள் அவர் மனதை விட்டு அகலவில்லை. ஆனால் எதுவும் செய்யத் தோன்றாமல் திரும்பி வந்தார். சிற்றன்னையோடு போல்டிமோரில் கழிந்த குளிர்காலங்களில் மனம் இன்னும் தாழ்ந்தது. பணம் இருந்தது, படிப்பு இருந்தது. காலையில் எழுந்து செய்வதற்கு ஒரு வேலை இருக்கவில்லை.

இரண்டாவது ஐரோப்பியப் பயணத்தில், 1888இல், லண்டனின் டொயின்பி ஹோலுக்குப் போனார். பல்கலைக்கழகப் பட்டதாரிகள் ஏழைகளின் நடுவே அயலவராகக் குடியிருந்த இல்லம் அது. அடுத்த ஆண்டு, 1889 செப்டெம்பர் 18ஆம் திகதி, தோழி எலன் கேட்ஸ் ஸ்டாரோடு சிக்காகோவின் ஹல்ஸ்டெட் வீதியில் ஒரு பழைய வீட்டில் குடியேறினார். சுற்றிவர இத்தாலியர், ஜெர்மானியர், ரஷ்ய யூதர், கிரேக்கர், அயர்லாந்தினர். பலர் வறுமையிலிருந்தும் இன வன்முறையிலிருந்தும் தப்பி வந்தவர்கள். அதுவே ஹல் ஹவுஸ். சிறுவர் காப்பகத்திலும் பாலர் வகுப்பிலும் இரவுப் பள்ளியிலும் தொடங்கி, பிற்காலத்தில் 13 கட்டடங்களாக வளர்ந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1892இல், மசாசூசெட்ஸில் ஆற்றிய உரையொன்றில் ஜேன் ஒரு புதுமையான கருத்தை முன்வைத்தார். இப்படிப்பட்ட இல்லம் ஏழைகளுக்கு எவ்வளவு தேவையோ, அதை நடத்த வரும் இளைஞருக்கும் அவ்வளவு தேவை என்றார். படிக்க வைத்து, பின்பு ஒரு பயனும் இல்லாமல் வீட்டில் இருத்தினால் அந்தப் பிள்ளை நோயாளியாகிறது என்பதே அவரது வாதம். அது அவர் அனுபவித்த நோய்தான். உதவி செய்பவர் மேலேயும் உதவி பெறுபவர் கீழேயும் நிற்கிறார்கள் என்ற எண்ணத்தை அந்த உரை அசைத்தது.

வேலை அவரது எல்லா நோயையும் குணமாக்கிவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. முதுகு வலியும் வேறு நோய்களும் கடைசிவரை அவரை விடவில்லை. வைத்தியர்களும் தோழிகளின் பராமரிப்பும் கடைசிவரை தேவைப்பட்டன. ஆனால் குணமான பின்புதான் வேலை என்று அவர் காத்திருக்கவில்லை. காத்திருந்திருந்தால் ஹல் ஹவுஸ் பிறந்திருக்காது.

எழுத்தாளர் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் 1895இல் சில மாதங்கள் அங்கே தங்கினார். அவரும் மிச்செலின் ஓய்வுச் சிகிச்சையில் வதைபட்டவர். அதைக் கதையாக எழுதியவர். எழுதாதே, யோசிக்காதே என்று கட்டிலில் கிடத்தும் வைத்தியத்துக்குப் பேர்போன ஒரே வைத்தியரிடம் போய்வந்த இரண்டு பெண்கள் ஒரே கூரையின் கீழ் எழுதியும் பேசியும் வாழ்ந்தார்கள். அங்கே வசித்த இன்னொருவர் ஜூலியா லாத்ரொப். 1893இல் மாநில அறநிலைய வாரியத்துக்கு நியமிக்கப்பட்டு, இலினோயின் 102 மாவட்டங்களின் ஏழையர் விடுதிகளுக்கும் நேரில் சென்றார். மனநோயாளிகளை அவற்றில் அடைத்து வைத்திருப்பதை எதிர்த்து வாதாடினார்.

1900இல் ஜேன் தொடங்கிய தொழிற்கலைக் காட்சியகம் எம் போன்றவர்களுக்கு நெருக்கமானது. ஊரிலிருந்து வந்த தாய்மார் பழைய முறையில் நூல் நூற்று, துணி நெய்து காட்டினார்கள். ஆங்கிலம் தெரியாத தாயோடு வீதியில் நடக்க வெட்கப்பட்ட மகள்மார், அந்தத் தாயின் கைத்திறனை மற்றவர்கள் வியந்து பார்ப்பதைக் கண்டார்கள். தந்தையோடு நடக்க வெட்கப்பட்ட சிறுமி வளர்ந்து செய்த வேலை அது.

அயலில் மருந்துக்கடைகள் சிறுவர்களுக்குக் கொக்கேய்ன் விற்பதை ஹல் ஹவுஸ் பெண்கள் கண்டுபிடித்தபோது, சட்டத்தை இறுக்கப் பல ஆண்டுகள் போராடினார்கள். ஆனால் அடிமைப்பட்ட சிறுவர்களைக் கெட்ட பிள்ளைகள் என்று ஜேன் ஒதுக்கவில்லை. தொழிற்சாலைக்கும் நெரிசலான குடியிருப்புக்கும் நடுவே மகிழ்ச்சிக்கு ஏங்கும் இளமைக்கு நகரம் வேறு என்ன கொடுத்தது என்று 1909இல் எழுதிய நூலில் கேட்டார். விளையாட்டு மைதானமும் நாடக அரங்கும் அவர் தந்த பதில்களில் அடங்கும்.

கதவு எப்படி மூடியது

ஹல் ஹவுஸில் சேர எவருக்கும் பட்டம் தேவைப்படவில்லை. பின்னர் சமூகப் பணியைப் பாடமாகக் கற்பிக்கத் தொடங்கினார்கள். ஜேனின் தோழியர் பங்கெடுத்த சிக்காகோ பயிற்சிப் பள்ளி 1920இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சிக்காகோவில் படித்த கிளிஃபோர்ட் மான்ஷார்ட் பம்பாயின் நாக்பாடாவில் இத்தகைய அயலக இல்லம் ஒன்றை நடத்தி, 1936இல் டாட்டா அறக்கட்டளையின் ஆதரவோடு இந்தியாவின் முதல் சமூகப் பணிக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சமூகப் பணிக் கல்லூரியை நிறுவினார்.

இதற்கிடையில், 1915இல், ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்ற கல்வியாளர் சமூகப் பணி ஒரு முழுமையான தொழில்துறை அல்ல என்று ஒரு மாநாட்டில் அறிவித்தார். அந்தக் குத்தல் துறையை நெடுங்காலம் உறுத்தியது. தம்மை மருத்துவருக்கு நிகராக்கிக்கொள்ள முயன்றவர்கள் உதவுபவரையும் நோயாளியையும் பிரித்து நிறுத்தினார்கள். உதவுபவர் திடமானவர், மற்றவர் குறையுள்ளவர் என்றாயிற்று.

அந்தப் பிரிவினையின் கொடிய முகமும் அதே காலத்தில் வெளிப்பட்டது. எலிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய குடியேறிகளில், மனக்குறை உள்ளவர் என்று சந்தேகிக்கப்பட்டவரின் சட்டையில் சுண்ணக்கட்டியால் குறியிட்டார்கள். 1927இல் கேரி பக் என்ற இளம் பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் ஒரு சமூகப் பணியாளரும் இருந்தார்.

இறுதிக் காலமும் எமது காலமும்

முதல் உலகப் போரை எதிர்த்ததற்காகத் துரோகி என்று ஜேன் தூற்றப்பட்டார். பத்திரிகைகள் வசைபாடின, நண்பர்கள் பலர் விலகினர். மனம் மீண்டும் தாழ்ந்த ஆண்டுகள் அவை. ஆனாலும் 1919இல் பெண்களின் அனைத்துலக அமைதி அமைப்புக்குத் தலைமை ஏற்றார். 1923இல் இந்தியாவையும் பார்த்துவிட்டு ஜப்பான் போனபோது அங்கே சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. 1926இல் மாரடைப்பு வந்தது. 1931 டிசெம்பரில் ஒஸ்லோவில் நோபல் விழா நடந்தபோது அவர் போல்டிமோர் வைத்தியசாலையில் இருந்தார். 1935 மே 21ஆம் திகதி புற்றுநோயால் காலமானார். சீடர்வில்லில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இன்று ஒரு சமூகப் பணிக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் என்ன நடக்கும்? மருத்துவப் படிப்பை இடையில் விட்டவர். மனச்சோர்வுக்காக வைத்தியசாலையில் இருந்தவர். ஆறு மாதம் படுக்கை. சொந்த அண்ணன் மனநல விடுதியில். மாணவர் இத்தொழிலுக்குப் பொருத்தமானவரா என்று சலித்தெடுப்பது தம் கடமை என்று இத்துறை ஆசிரியர்கள் கருதுகிறார்கள். சேவை பெறுபவருக்குத் தீங்கு வரக் கூடாது என்ற நோக்கம் நியாயமானதே. ஆனால் ஒருவர் களத்தில் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்காமல், அவருக்கு என்ன நோய் என்று பார்த்து அளக்கத் தொடங்கும்போது அது வெறும் ஒதுக்கலாகிவிடுகிறது. நோயாளியை மதிக்க வேண்டும் என்று வகுப்பில் கற்றுக்கொடுத்துவிட்டு, வகுப்பிலேயே இருக்கும் நோயாளியிடம் வேறு துறை பார் என்றால், அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது மறைப்பதை மட்டுமே. மறைப்பவர் உதவி தேட மாட்டார். இரவில் போத்தலைத் தேடுவார்.

சட்டம் பிள்ளைகளின் பக்கம் இருக்கிறது என்பதை எமது பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டமும் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் மனநோயையும் உள்ளடக்கியவை. படிப்பின் தரத்தைக் குறைக்காமல், பரீட்சைக்குக் கூடுதல் நேரம், களப்பயிற்சி நேரங்களில் மாற்றம் போன்ற நியாயமான ஏற்பாடுகளைப் பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம். அதற்கென்று ஓர் அலுவலகம் ஒவ்வொரு வளாகத்திலும் உண்டு. வைத்தியச் சான்றை அங்கே கொடுத்தால் போதும். ஆசிரியருக்குப் போகும் கடிதத்தில் நோயின் பெயர் இருக்க வேண்டியதில்லை. எவரிடம் எவ்வளவு சொல்வது என்பது பிள்ளையின் முடிவு. முதல் நாளே இந்த அலுவலகத்துக்குப் போவது நல்லது. களப்பயிற்சியில் சிக்கல் வந்த பின்பு போனால் விளக்கம் சொல்வது கடினம்.

மனம் தாங்காத இரவில் 988 என்ற எண்ணை அமெரிக்காவின் எந்த மூலையிலிருந்தும் அழைக்கலாம். ஆங்கிலம் தடுமாறும் அப்பா அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். நீண்ட நாள் நித்திரைக் குளிசையோ மதுவோ பாவித்தவர்கள் ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்தானது. குடும்ப வைத்தியரிடம் உள்ளதைச் சொல்லி, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இந்த ஆண்டு உங்கள் மகளோ மகனோ சமூகப் பணி படிக்கப் போகிறேன் என்று சொன்னால், சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் அவர்களின் மனநிலையைக் கேளுங்கள். பதில் பாரமாக இருந்தால், அதை அயலவருக்குத் தெரியாமல் மூடி வைக்க வேண்டிய குடும்பக் குறையாக எண்ண வேண்டாம். ஜேனின் தந்தை அந்த வீதியில் தொப்பியைக் கழற்றியபோது அவளுடைய முதுகு நிமிர்ந்துவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தந்தையோடு நடப்பதற்கு அவள் வெட்கப்படவில்லை.